ஆணையருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, இன்மை அறிக்கையைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் யாருடைய வேலை என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவதன் பெருமை உணவுத் தகுதி ஆணையத்தையே சேரும் என்று அங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் மட்டும் எழுந்து போய்விடுவார்கள்.

இன்மை அறிக்கை என்றதும் ஏதோ தத்துவம் என்று பயப்பட வேண்டாம். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் தாள், அவ்வளவுதான். உங்கள் பகுதியில் கெட்டுப்போன உணவு விற்கப்பட்டதா? இல்லை. யாருக்காவது வயிற்றுவலி? இல்லை. புகார்? இல்லை. மாதம் பிறந்தால் நாலா பக்கத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான இல்லைகள் வந்து குவியும். அவற்றை அடுக்கி, நாடா கட்டி, ஒரே பெரிய இல்லையாக மேலிடத்துக்கு அனுப்பிவைப்பதுதான் ஆணையத்தின் திருப்பணி. மக்கள் மூன்று வேளையும் தைரியமாக வாயைத் திறக்கிறார்கள் என்றால் சும்மாவா?

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக இந்த இல்லைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் தபால் அக்கா. இயக்குநரைவிட வயதில் சின்னவள், கடைநிலை ஊழியரைவிடப் பெரியவள். ஆனாலும் எல்லோருக்கும் அக்காதான். வருகிற தபாலுக்குச் சதுர முத்திரை, போகிற தபாலுக்கு வட்ட முத்திரை. அந்தக் கட்டடத்தில் யாரும் கையெழுத்தைப் பார்ப்பதில்லை. வட்ட முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒருமுறை இயக்குநரின் மனைவி எழுதிய மளிகைச் சீட்டில் வட்ட முத்திரை தவறி விழுந்துவிட, அதை அவர் எழுந்து நின்று படித்தார்.

ஆணையம் என்று ஒன்று இருந்தால் ஆணையர் என்று ஒருவர் இருக்க வேண்டுமே? இரண்டரை வருடமாக அந்தப் பதவி காலி. புதியவரை நியமிக்கும் கோப்பு தயாராகத்தான் இருந்தது. ஆணையரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆவணக் காப்பறையில் எலிகள் பெருகின. அவை எட்டு வருட இல்லைகளைத் தின்று தீர்த்தன. ‘எலி ஒழிப்புக்குப் பூனை ஒன்று வழங்கக் கோருதல்’ என்று கோப்பு தொடங்கப்பட்டது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று உலகமே தவிக்கும் காலத்தில், மணியின் எடை என்ன என்பது வரைக்கும் போய்விட்டது இந்தக் கோப்பு. அது முடிவதற்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை தானாகவே ஜன்னல் வழியாக வந்தது. எல்லா அறைகளையும் மேற்பார்வையிட்டது. மெத்தை கிழியாத ஒரே நாற்காலி ஆணையர் அறையில் இருப்பதைக் கண்டுபிடித்து, ஏறிப் படுத்தது. அன்று முதல் அவர்தான் ஆணையர்.

பூனை இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே பூனை இருக்கும்போதே கொண்டாட்டம். ஆணையர் எலிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நிர்வாகத்துக்கு அது பெரிய நிம்மதி. நடவடிக்கை எடுக்காத அதிகாரியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

“ஹலோ, ஆணையர் இருக்காருங்களா?”

“இருக்காருங்க.”

“பேசலாமா?”

“தூங்குறாருங்க.”

“எப்ப எழுந்திருப்பாரு?”

“சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்திருவாருங்க.”

“பழைய ஆணையர் மாதிரியேதான்,” என்று பெருமூச்சு விட்டு அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள்.

ஆணையரின் நாக்கு இருக்கிறதே, அது சாதாரண நாக்கு அல்ல. மீன் துண்டைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாலை மோந்துவிட்டு, ‘இதெல்லாம் பூனைங்க குடிக்கிறது’ என்பதுபோல் நகர்ந்துவிடுவார். ஒருநாள் அக்காவின் டிபன் டப்பாவில் இருந்த வெள்ளரிக்காய்த் துண்டைக் கண்டதும் ஒரே தாவு. நறுக் நறுக்கென்று கடித்து, மீசையைத் துடைத்து, இன்னொரு துண்டு எங்கே என்று நிமிர்ந்து பார்த்தார். அக்கா பயந்துபோய் இரண்டு தெரு தள்ளி இருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

“வெள்ளரிக்காயா? அது வெறும் தண்ணிதாங்க. தோலைச் சீவிட்டு ரெண்டு துண்டு குடுங்க, ஒண்ணும் ஆகாது. மத்தபடி கண்டதையும் குடுக்காதீங்க. நம்ம வயித்துக்கு ஒத்துக்கிறது எல்லாம் அதுக்கு ஒத்துக்காது.”

அன்றிலிருந்து அக்கா தினமும் காலையில் இரண்டு துண்டு வெள்ளரிக்காயைத் தோல் சீவி எடுத்துவந்தாள். பத்து மணிக்கு ஆணையர் மாடியிலிருந்து இறங்கி வருவார். அவற்றைத் தின்றுவிட்டு, அனுப்ப வேண்டிய தபால் தட்டில் பதினைந்து நிமிடம் படுத்திருப்பார். அந்தப் பதினைந்து நிமிடமும் ஆணையத்திலிருந்து ஒரு இல்லையும் வெளியே போகாது. அக்காவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். பத்தொன்பது வருடத்தில் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்த ஒரே ஜீவன் அதுதான். அதை நினைக்காமல் வெள்ளரிக்காயைச் சீவுவாள்.

இதற்கிடையில் ஆணையர் விருந்தினர் சோபாவில் தன் ‘கருத்தை’ ஈரமாகப் பதிவு செய்துவிட்டதால் ஏழாம் எண் சுற்றறிக்கை வந்தது. ‘ஆணையருக்கு ஊழியர் எவரும் எவ்வகை உணவும் வழங்கலாகாது, மீறினால் பணிப்பதிவேட்டில் குறிக்கப்படும்.’ அதன் பிறகுதான் எல்லோரும் கொடுக்க ஆரம்பித்தார்கள். தடை போட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தார்கள். ஆணையர் தன்னிடம் மட்டும்தான் சாப்பிடுகிறார் என்று ஒவ்வொருவரும் உள்ளூர நம்பி, மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, அந்தப் புதன்கிழமை வரை.

அன்று பத்து மணிக்கு வந்து வெள்ளரிக்காய் தின்றுவிட்டுப் போன ஆணையர், பதினொன்றே முக்காலுக்குத் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாந்தி. அக்கா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே தடதடவென்று ஓடியது. “ஐயோ என் ராஜா!” என்று அலறி, தபால் பையைக் காலி செய்து, அதில் ஆணையரைப் போட்டுக்கொண்டு ஓடினாள். இல்லைகள் எல்லாம் தரையில் கிடந்தன.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தார். “இதயம் ரொம்ப வேகமா ஓடுது. ஏதோ சாப்பிட்டிருக்கு. என்ன சாப்பிட்டுச்சு?”

“வெள்ளரிக்காய் மட்டும்தாங்க.”

“வெள்ளரிக்காய்ல நடுங்காது. யாரோ எதையோ குடுத்திருக்காங்க. வெங்காயம், பூண்டுன்னா ரத்தத்தைக் கெடுக்கும். உலர்ந்த திராட்சைன்னா கிட்னி. காப்பி, சாக்லெட்னா இதயம். மாத்திரையைக் கீழ போட்டு முழுங்கியிருந்தா அது வேற கதை. எலி மருந்துன்னா இன்னொரு கதை. ஒண்ணொண்ணுக்கும் வைத்தியம் வேற. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் குடுத்தா என் மருந்தே கொன்னுடும்.”

“இப்ப என்னங்க பண்றது?”

“நான் இங்க பிடிச்சு வெச்சிருக்கேன். நீங்க போய் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு கேட்டு போன் பண்ணுங்க. ஒரு மணிக்குள்ள தெரியணும். தெரியலன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பன்னிரண்டு மணி.

இங்கேதான் ஆணையத்தின் செயல்வேகத்தைப் பாராட்ட வேண்டும். அக்கா விஷயத்தைச் சொன்ன ஐந்தாவது நிமிடம் இயக்குநர் அவசரக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் பூனை என்ன தின்றது என்று தேடிக்கொண்டு நேரத்தை வீணடித்திருக்கும். இங்கே தலைமை எழுத்தர் கையோடு இருபத்திரண்டு இன்மை அறிக்கைப் படிவங்களைக் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு மேற்படியார் என்று பெயர். தன் மகனையே ‘மேற்படி பையன்’ என்று சொல்லிப் பழகியவர்.

“மேற்படி சம்பவம் தொடர்பா எல்லாரும் ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க,” என்றார். “‘ஆணையருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை.’ ஏழாம் எண் சுற்றறிக்கை ஞாபகம் இருக்கட்டும்.”

பேனாக்கள் சரசரவென்று ஓடின. ஒருவர் தன் தாளை முடித்துவிட்டு, விடுப்பில் இருந்த பக்கத்து மேஜைக்காரருக்கும் சேர்த்து எழுதினார்.

“சார், கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் அக்கா. “யாரும் எதுவும் குடுக்கலன்னா அது எப்படி வாந்தி எடுத்துச்சு?”

“மேற்படி வாந்தி அலுவலக நேரத்துல எடுக்கப்பட்டதா?”

“ஆமாங்க!”

“அனுமதி வாங்கினதா?”

“பூனைங்க அது!”

இயக்குநர் கையை உயர்த்தினார். கனிவான மனிதர். யாருடைய மனமும் புண்படாமல் எதையும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர். “ஏம்மா, பதறாதே. நாம விஞ்ஞானபூர்வமா அணுகுவோம். இருபத்தோரு பேரு இல்லைன்னு எழுதியிருக்காங்க. அப்ப பூனை எதுவும் சாப்பிடல. சாப்பிடாத பூனைக்கு உடம்பு சரியில்லாமப் போக வாய்ப்பில்ல. அப்ப அதுக்கு ஒண்ணும் இல்ல.”

“உசுருக்குப் போராடுது சார்!”

“அது டாக்டரோட கருத்து. எழுத்துல வந்தா பரிசீலிப்போம்.” பிறகு தாள்களை எண்ணிப் பார்த்தார். “இருபத்தொண்ணுதான் இருக்கு. உன்னோடது எங்கம்மா?”

அக்கா தன் தாளில் எழுதி நீட்டினாள். ‘தினமும் காலை பத்து மணிக்குத் தோல் சீவிய வெள்ளரிக்காய் இரண்டு துண்டு கொடுத்தேன்.’

அறை முழுக்க ஒரு ஆசுவாசம் பரவியது. ஆள் கிடைத்துவிட்டது! கேன்டீன் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தட்டச்சுத் தங்கச்சி, “அக்காவா இப்படி?” என்று வாயில் கை வைத்தாள். சிக்கலான ஒரு மருத்துவப் பிரச்சினையை ஆணையம் பதினேழே நிமிடத்தில் தீர்த்துவிட்டது. ‘ஆணையரின் உடல்நலக் குறைவுக்குக் காரணம் வெள்ளரிக்காய்’ என்று ஏகமனதாகத் தீர்மானம். தபால் பிரிவுக்கு விளக்கம் கேட்டு மெமோ. கோப்பு முடிக்கப்பட்டது. தேநீர் வந்தது.

“வெள்ளரிக்காய்ல ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க சார்.”

“கோப்பு முடிஞ்சிருச்சும்மா,” என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. “இனிமே நானே நினைச்சாலும் வேற காரணத்தை ஏத்துக்க முடியாது.”

மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

அக்கா மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொருவராய் நிறுத்திக் கேட்டாள். கெஞ்சினாள். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி, எம்மேல சத்தியம்,” என்று ஓட்டுநரின் கையைப் பிடித்தாள். அவர், “நான் பூனையையே பார்த்ததில்லக்கா,” என்றார். அவர் சட்டையெல்லாம் சாம்பல் நிற முடி. அக்கா தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு கோபமும் வந்தது. கோபம் வந்ததும் மூளை வேலை செய்தது.

பத்தொன்பது வருடமாக இவர்கள் கடிதங்களைப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? இந்த ஆட்கள் தப்பு என்றால் தலை போனாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாராட்டு என்றால் பக்கத்து வீட்டுக்காரன் செய்ததையும் தான் செய்ததாகச் சொல்வார்கள். போன வருடம் ‘சிறந்த மரம் நட்டவர்’ விருதுக்கு ஒரே வேப்பமரத்தை ஒன்பது பேர் நட்டிருந்தார்கள்.

தாளை எடுத்தாள். எழுதினாள்.

‘பூனை உணவு ஆய்வில் முன்னோடிகள். ஆணையருக்குத் துணிச்சலுடன் புதிய உணவுகளை வழங்கிப் பரிசோதித்த ஊழியர்களின் பெயர்கள் மேலிடப் பாராட்டுக்கு இன்று ஒரு மணித் தபாலில் அனுப்பப்படும். உணவு, அளவு, வழங்கிய நேரம் ஆகியவற்றை உடனே தபால் பிரிவில் பதிவு செய்க. இப்பணி ஏழாம் எண் சுற்றறிக்கைக்கு உட்பட்டதல்ல.’

கையெழுத்துப் போடவில்லை. பொய்க் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை அவள். வட்ட முத்திரையை மட்டும் ‘டொம்’ என்று குத்தி, அறிவிப்புப் பலகையில் செருகினாள்.

அறைக்குத் திரும்பி உட்காரவில்லை, அதற்குள் வாசலில் வரிசை.

முதலில் ஓட்டுநர். “அக்கா, எழுதிக்கங்க. பாப்கார்ன். நாலு மாசமா குடுக்கிறேன். என்னைக் கண்டா உயிரு அதுக்கு.”

“பூனையையே பார்த்ததில்லன்னியே தம்பி?”

“அது வேற கூட்டம்க்கா.”

அடுத்து கேன்டீன் மாமா. சீஸ். அவருக்குப் பின்னால் தட்டச்சுத் தங்கச்சி. “தர்பூசணிக்கா, கொட்டை எடுத்துட்டு. அப்புறம் தயிர்ல தொட்டு பிஸ்கெட். ரெண்டா எழுதுங்க, ரெண்டு சான்றிதழ் வருமில்ல?” அவள் தோள் வழியாக எட்டிப் பார்த்து, “சோளம்! நானும் சோளம்!” என்றது ஒரு குரல். “நான் அவருக்கு முந்தியே சோளம்!” என்றது இன்னொரு குரல். மேற்படியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“வெங்காயம் போட்ட ஆம்லெட்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வெங்காயமா? எப்ப குடுத்தீங்க? எவ்வளவு?”

“பத்துன்னு போட்டுக்கோ.”

“பத்து ஆம்லெட்டா! ஒரு பூனை பத்து ஆம்லெட்டா சாப்பிட்டுச்சு?”

“அவரு எத்தனை பாப்கார்ன் போட்டிருக்காரு?”

“எழுபது,” என்றார் ஓட்டுநர் பெருமையாக.

“அப்ப எனக்கு மேற்படி பத்தை இருபதாக்கு.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். இல்லை என்றவர்கள் இப்போது எல்லாம் உண்டு என்கிறார்கள். இந்தக் கணக்குப்படி ஆணையர் காலையிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்தையே காலி செய்திருக்க வேண்டும். தப்பான அளவைச் சொன்னால் டாக்டரம்மா தப்பான மருந்து கொடுத்துவிடுவார். மணி பன்னிரண்டு நாற்பது.

எழுந்து நின்று மேஜையில் ஓங்கித் தட்டினாள். “எல்லாரும் கேட்டுக்கங்க! சான்று இணைக்காத விண்ணப்பம் தள்ளுபடி! குடுத்தது போக மீதி, உறை, டப்பா, தட்டு, எதுவா இருந்தாலும் கொண்டாங்க. இன்னைக்குக் குடுத்தது மட்டும்தான் கணக்கு!”

சான்று இணைப்பு என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த மரியாதையே தனி. எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்தில் அக்காவின் மேஜை குப்பைத் தொட்டியானது. பாப்கார்ன் எழுபது என்றது, நாலாகக் குறைந்தது. மேற்படியாரின் இருபது ஆம்லெட், டப்பா மூடியில் ஒட்டியிருந்த விரல்நுனி அளவு துண்டாகியது. அதையும் ஆணையர் நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். அக்கா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். நடுக்கம் வரும்படி இதில் ஒன்றும் இல்லையே?

அப்போது கூட்டம் சட்டென்று விலகி வழிவிட்டது. இயக்குநர்! மின்தூக்கி பழுதான நாளிலிருந்து தரைத்தளத்துக்கே வராதவர், படியிறங்கி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கையில் வெல்வெட் நாடா கட்டிய ஒரு பெட்டி.

“வரிசையில வரலேம்மா, மன்னிச்சுக்கோ. ஆனா இவங்க சோளத்தோட என்னோடதை ஒப்பிட முடியாது.” பெட்டியைத் திறந்தார். “கறுப்பு சாக்லெட். எழுபது சதவீதம் கோக்கோ. உள்ள கிரீம்.”

அது ஒரு நிறுவனம் தகுதிச் சான்றுக்காக அனுப்பிய மாதிரிப் பெட்டி. அதைச் சோதிக்க வேண்டியது ஆய்வகம். ஆனால் தன்னால் ஆகிற வேலையைப் பிறர் தலையில் கட்டும் பழக்கம் இயக்குநருக்கு என்றுமே கிடையாது. பன்னிரண்டு குழிகளில் ஐந்து காலி.

“அஞ்சும் பூனைக்கா சார்?”

“ரெண்டு நான் சோதிச்சேன். மூணு அவரு. பதினொண்ணே காலுக்கு. நக்கி நக்கிச் சாப்பிட்டாரும்மா, அப்படி ஒரு ரசிகர்! என் பேரு முதல்ல வரணும், என்ன?”

“உங்க பேருதான் சார் முதல்ல,” என்று சொல்லிக்கொண்டே அக்கா போனைச் சுழற்றினாள். “டாக்டரம்மா! சாக்லெட்! கறுப்பு! எழுபது சதவீதம், மூணு, பதினொண்ணே காலுக்கு!”

“அப்படிச் சொல்லுங்க. வைங்க போனை.”

வைத்துவிட்டு, அக்கா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே முன்னோடிகள் யாருடையது பெரிய பங்களிப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் தன் பெயருக்கு முன்னால் ‘உயர்திரு’ போடுவதா, ‘ஆய்வறிஞர்’ போடுவதா என்று மேற்படியாரிடம் கலந்தாலோசித்தார். ஆணையர் பிழைப்பாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றரைக்குப் போன் அடித்தது.

“நடுக்கம் நின்னுடுச்சு. இதயம் இறங்கி வருது. பிழைச்சுக்கும்,” என்றார் டாக்டரம்மா. “இன்னும் அரை மணி தாமதமாயிருந்தா நான் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். ஒண்ணு தெரியுமா? பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அது சாக்லெட்டுக்காகச் சாப்பிடல, உள்ள இருந்த கொழுப்புக்காகச் சாப்பிட்டிருக்கு. ஆமா, அவ்வளவு பேர்கிட்டயிருந்து உண்மையை எப்படிங்க வாங்கினீங்க?”

“பரிசு தர்றேன்னு சொன்னேங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா வாய்விட்டு அழுதாள். இந்த அழுகை வேறு.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வரலாறு. ஒரு மணித் தபாலில் போவதாகச் சொன்ன பட்டியலை இயக்குநர் தானே உறையில் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். வட்ட முத்திரை இருந்ததால் மேலிடமும் அதை எழுந்து நின்று படித்தது. பத்தே நாளில் விழா. இருபத்தோரு முன்னோடிகளுக்கும் சான்றிதழ். இயக்குநருக்கு மட்டும் கழுத்தில் தொங்கும் பதக்கம். ‘ஒரு பூனையின் உயிரை ஒரே மணி நேரத்தில் மீட்ட ஆணையம்’ என்று தலைமை விருந்தினர் குரல் தழுதழுக்கப் பேசினார். தபால் பிரிவுக்கு எதுவும் இல்லை. அதன் மேல்தான் வெள்ளரிக்காய் மெமோ நிலுவையில் இருந்ததே! சான்றிதழ்களில் ஆணையர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு சிக்கல் வந்தது. முத்திரை மைத் தட்டில் நடந்து பழகியவர் என்பதால் அதுவும் தீர்ந்தது.

இயக்குநர் பதக்கத்தைக் கழற்றவேயில்லை. கைகழுவப் போனாலும் கழுத்தில் கிடந்தது. வாரம் ஒருமுறை தபால் அறைக்குள் எட்டிப் பார்த்து, “அடுத்த விருது ஏதாச்சும் வந்திருக்காம்மா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் வந்த தபாலில் ஒரு மருத்துவமனைக் கடிதம் இருந்தது. அக்கா சதுர முத்திரையைக் குத்தப் போனவள், படித்தாள்.

‘விடுதிப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் பன்னிரண்டு நாளாக எங்களிடம் இருக்கிறார்கள். யாருக்கும் கால் வீக்கம் வற்றவில்லை. அன்று மதியம் எந்த எண்ணெயில் சமைத்தார்கள் என்று தெரிந்தால் வைத்தியம் செய்யச் சுலபமாக இருக்கும். இது நான் எழுதும் நான்காவது கடிதம்.’

அதற்கு முந்தைய மூன்று கடிதங்களுக்கும் போன பதில்கள் கீழே இணைக்கப்பட்டிருந்தன. சமையல்காரரிடமிருந்து, இல்லை. பகுதி ஆய்வாளரிடமிருந்து, இல்லை. கடைசியாக உணவுத் தகுதி ஆணையத்தின் இல்லை. அதன் மேல் வட்ட முத்திரை. பூனைக்காகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவள் குத்திய முத்திரை. எப்போது குத்தினோம் என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை.

மேற்படியார் எட்டிப் பார்த்தார். “மேற்படி விடுதிக் கடிதமா? நாலாவது இல்லையை அடிச்சு வெச்சிருக்கேன். முத்திரை மட்டும் போட்டுடு.”

“போடுறேன் சார்,” என்றாள் அக்கா.

கதவைச் சாத்தினாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். ‘விடுதி மதிய உணவில் முன்னோடிப் பங்களிப்பு. துணிச்சலான முடிவுகளை எடுத்தவர்கள் உரிய சான்றுடன் உடனே பதிவு செய்க. பதக்கங்கள் உண்டு.’ வட்ட முத்திரையைக் குத்தினாள், பலகையில் செருகினாள், வந்து உட்கார்ந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ தடதடவென்று இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்கள். இயக்குநர்தான். பதக்கம் நெஞ்சில் மோதிக்கொண்டிருந்தது. கையில் ஒரு கோப்பு.

“இந்தத் தடவையும் என் பேருதாம்மா முதல்ல வரணும்,” என்றார் மூச்சு வாங்க. “ஆய்வகத்துல எல்லாருமா சேர்ந்து வேண்டாம்னு எழுதின எண்ணெய்க்கு ஒத்தை ஆளா அனுமதி குடுத்தது நான்தான். இதோ, சான்றும் இணைச்சிருக்கேன், பாரு.”